எழுபது வளைவும் ஒரு நேர்கோடும்

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு இலவச ஆலோசனை. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கல் வேண்டாம். வடை கூடவே கூடாது. காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு வரும். போர்டில் 1/70 என்று போட்டிருக்கும். அந்த எழுபதைப் பார்த்ததும் வயிறு ஒருமுறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நான் நாற்பத்து மூன்று வரைக்கும் எண்ணினேன். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை எண்ணினேன்.

பக்கத்து சீட்டில் என் செக்‌ஷன் நண்பர். செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் அவருக்குச் சொந்த ஊர். மலையிலேயே பிறந்தவர் என்பதால் எழுபது வளைவும் அவருக்குத் தாலாட்டு. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். (என் தோள்மேல்.)

"நாமக்கல்லிலிருந்து உங்க ஊர் எவ்வளவு தூரம் ஸார்?" என்று எழுப்பிக் கேட்டேன். தூரத்தைக் கேட்டாலாவது வயிற்றை மறக்கலாமே.

"ரோட்டுல ஐம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். காக்கா பறந்தா அதுல பாதிகூட இல்லை."

"அப்ப காக்காவுக்குத்தான் லாபம்."

"காக்காவுக்கு டிக்கெட்டும் கிடையாது ஸார்" என்றார்.

அங்கேயிருந்துதான் பேச்சு விமானத்துக்குப் போனது. அவருக்கு ஒரு தம்பி. ஸான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. கொல்லிமலையில் பலாப்பழம் சுமந்த பையன் இன்றைக்கு அங்கே கார் ஓட்டுகிறான். அது எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டேன். நண்பர் யோசிக்காமல், "இருபதாயிரம் கிலோமீட்டர். அட்லஸ்ல நானே ஸ்கேல் வெச்சுப் பாத்திருக்கேன்" என்றார். நான் சும்மா இருக்க மாட்டாமல் "பதினாறாயிரம்" என்றேன். ஒரு பிரியாணி பந்தயம்.

பந்தயம் கட்டின பிறகுதான் கவனித்தேன், நண்பரின் முகம் சரியாக இல்லை. "அவன்கூட ஒரு வருஷமாப் பேச்சு இல்லை ஸார்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அறுபத்தோராவது வளைவு வந்துவிட்டது. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நான் மலை ஏறியதே நண்பரின் அப்பா தவறி ஒரு வருஷம் ஆனதற்காகத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு மாலை போட்டுச் சாமி கும்பிடுகிறார்கள். "நீங்களும் வாங்க, மலைக்காத்து வாங்கின மாதிரி இருக்கும்" என்று கூப்பிட்டிருந்தார். காற்று நிஜமாகவே நன்றாக இருந்தது. வீட்டில் நண்பரின் அம்மா, சொந்தத் தோட்டத்துக் காப்பிக்கொட்டையில் போட்ட காப்பி கொடுத்தார். அதைக் குடித்த பிறகு நாங்கள் ஆபீஸில் தினம் குடிப்பது என்ன திரவம் என்று தெரியவில்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மறுநாளுக்காக வாழைநாரில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, நீங்க படிச்சவுங்க. சின்னவன் இருக்கற ஊரு எத்தினி தூரம் இருக்கும்?" என்றார்.

நண்பர் உள்ளேயிருந்து, "தூரம் என்னம்மா தூரம்? மனசு இருந்தா வந்திருப்பான்" என்றார்.

கதை அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. போன ஆடியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அப்பா தவறிவிட்டார். தம்பிக்கு உடனே போன் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சாயந்திரம் ஐந்து மணிக்கு அடக்கம். தம்பி வந்து சேர்ந்தது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், நாலரை மணிக்கு. அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல, தம்பி இரண்டு வார்த்தை சொல்ல, அன்றோடு பேச்சு நின்றுபோயிற்று.

அம்மாவின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? செல்போனில் தட்டினால் ஒரு நொடியில் தூரம் வந்துவிடும். ஆனால் திண்ணையில் அன்றைக்கு நெட் இல்லை. அலமாரி மேலே ஒரு உலக உருண்டை தெரிந்தது. சின்னவர் பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசாம். இறக்கித் தூசி தட்டினேன். கூடவே அந்த அட்லஸும், ஜியாமெட்ரி பாக்ஸும் வந்தன. (பாக்ஸுக்குள் ஒரு பழைய பஸ் பாஸ். அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்துத் திரும்ப வைத்தார்.)

முதலில் நண்பரின் இருபதாயிரத்தைப் பார்ப்போம். அட்லஸில் அமெரிக்கா இடது கோடியில். நாம் வலது பக்கம். எனவே அவர் பெங்களூரிலிருந்து மேற்கே அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அமெரிக்கா என்று ஸ்கேலால் கோடு போட்டிருந்தார். பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே ஒருவன் திசைகாட்டியை மாற்றாமல் பறந்தால் நிஜமாகவே 20,000 கிலோமீட்டர் சொச்சம்தான். அதே மாதிரி கிழக்கே பர்மா, வியட்நாம், பசிபிக் என்று போனால் 16,100. அது என் கணக்கு. இரண்டு பேருமே கோடு ஒழுங்காகத்தான் போட்டோம். தப்பு தாளில்.

பலாப்பழத் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்ப முடியுமா? முடியாது, கிழியும். உருண்டையான எதையும் கிழிக்காமல் தட்டையாக்க வேண்டுமென்றால் எங்காவது இழுத்துத்தான் ஆகவேண்டும். 1569-ல் மெர்கேட்டர் என்பவர் கப்பல்காரர்களுக்காக ஒரு படம் போட்டார். திசை மாறாத பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். கப்பலுக்கு ரொம்ப சௌகரியம். ஆனால் அதற்கு விலையாக, வடக்கே போகப்போக எல்லாம் பெருத்துவிடும். கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா சைஸுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப் போல் பதினாலு மடங்கு. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டின இந்த மாதிரிப் படத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அதில் போட்ட கோடுதான் குறுக்குவழி என்று மனசில் பதிந்துவிடுகிறது.

"அம்மா, ஒரு நார் குடுங்க" என்றேன். வாழைநாரின் ஒரு முனையை உருண்டையில் பெங்களூர்மேல் வைத்தேன். மறுமுனையை ஸான் பிரான்சிஸ்கோமேல் வைத்து இழுத்துப் பிடித்தேன். விறைப்பாக இழுத்தால் நார் தானாகவே போய் உட்காருகிற இடம்தான் குறுக்குவழி. அது எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. வடக்கே! நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்கு ஓரம், சைபீரியா, ஆர்க்டிக் கடலின் விளிம்பு, அலாஸ்கா, அப்புறம் சரிவாகக் கீழே இறங்கி ஸான் பிரான்சிஸ்கோ.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அங்கெல்லாம் பனிக்கட்டிதானே தம்பி?"

"ஆமாம்மா."

"அதுமேலயா எம் பையன் வாரான்?"

நாரை ஸ்கேலில் வைத்து அளந்தேன். 22 செ.மீ. உருண்டையின் இடுப்பைச் சுற்றி அளந்தால் 63 செ.மீ. பூமியின் இடுப்பு 40,000 கிலோமீட்டர். மீதியை எட்டாம் வகுப்புப் பையன் போடுவான்: 13,968. நண்பருக்கும் பிரியாணி இல்லை, எனக்கும் இல்லை. (பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே குறுக்குவழி 20,000 கிலோமீட்டருக்கு மேல் போகவே போகாது, அதற்கு மேல் போனால் மறுபக்கமாகச் சுற்றுவது கிட்டே. உங்கள் ஆபீஸில் யாராவது பந்தயத்துக்கு வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

நார் கணக்கில் எனக்குத் திருப்தி இல்லை. விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் என் டைரியில் உண்டு. (கல்யாணம் ஆகாதவனின் டைரியில் வேறு என்ன இருக்கும்?) செல்போன் கால்குலேட்டரை எடுத்தேன். ட்ரிக்னாமெட்ரி என்றாலே காய்ச்சல் வருகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பெங்களூர் விமான நிலையம் வடக்கே 13.20, கிழக்கே 77.71 டிகிரி. ஸான் பிரான்சிஸ்கோ வடக்கே 37.62, மேற்கே 122.38. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. அதனால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 200.09. அது பாதி வட்டத்தைத் தாண்டிவிட்டதால் 360-லிருந்து கழியுங்கள்: 159.91. இப்போது இரண்டு அட்சரேகைகளின் ஸைனையும் பெருக்கினால் 0.1394. இரண்டின் கொஸைனையும் பெருக்கி, அதை 159.91-ன் கொஸைனாலும் பெருக்கினால் மைனஸ் 0.7242. கூட்டினால் மைனஸ் 0.5848. எந்தக் கோணத்துக்கு இந்தக் கொஸைன் என்று கேட்டால் கால்குலேட்டர் 125.79 டிகிரி என்கிறது. பூமியின் முதுகில் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்குங்கள். 13,988.

வாழைநாருக்கும் கால்குலேட்டருக்கும் இருபதே கிலோமீட்டர் வித்தியாசம். எனக்கே ஆச்சரியம்தான். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விட்டபோது, ஓட்டியவர்கள் முழுக்கப் பெண்கள். கேப்டன் ஸோயா அகர்வால் தலைமை. வட துருவத்துக்கு மேலாக வந்தார்கள். அப்போது சொல்லப்பட்ட நேர்வழி தூரம் 13,993. நம் கணக்கோடு ஐந்து கிலோமீட்டர் இடிக்கிறது. காரணம், நாம் பூமியைப் பந்து என்று வைத்துக்கொண்டோம். அது மேலும் கீழும் கொஞ்சம் அமுங்கின பந்து. நடுவிலிருந்து துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர், இடுப்புக்கு 6,378.

இந்த அமுக்கத்தை அளக்கிற வேலையும் நம்ம பக்கத்தில் ஒரு பெரிய கூத்தாக நடந்திருக்கிறது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் நூறடி இரும்புச் சங்கிலியைத் தரையில் போட்டு ஏழரை மைல் அளந்தார். அதற்கே 57 நாள். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு கோணம் கோணமாகப் பார்த்து நாடு முழுக்க அளந்துகொண்டு போனார்கள். அரை டன் எடை தியோடலைட் கருவியை 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனுஷர் அசரவில்லை. கழற்றி உட்கார்ந்து தட்டி நிமிர்த்திச் சரிசெய்துவிட்டு மேலே அளந்தார். நம் ஆபீஸில் ஸ்டேப்ளர் ரிப்பேருக்கே மூணு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கே விட்டேன்? நேர்வழி. ஆகாயத்திலும் எப்போதும் நேர்வழியில் விடமாட்டார்கள் ஸார். அந்த 2021 விமானம் நிஜத்தில் பறந்தது சுமார் 16,000 கிலோமீட்டர் என்று செய்தி வந்தது. எதிர்க்காற்றை ஒதுக்க வேண்டும், பின்காற்றைப் பிடிக்க வேண்டும். காற்று வாட்டமாக இருந்தால் இரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் நேரத்தில் லாபம். அப்புறம் நாடுகளின் சண்டை. 2022-லிருந்து ரஷ்யா தன் வானத்தை அமெரிக்க விமானங்களுக்கு மூடிவிட்டது. நம் விமானங்கள் போகலாம். போனதில் ஒன்று 2023 ஜூனில் என்ஜின் கோளாறால் மகதான் என்ற ரஷ்ய ஊரில் இறங்கிவிட்டது. டெல்லியிலிருந்து ஸான் பிரான்சிஸ்கோ போனவர்கள், பெயரே கேள்விப்படாத ஊரில் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தார்கள். மலைப்பாதையில் லாரி மறித்துக்கொண்டால் பஸ் நிற்கிற மாதிரிதான்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போக, நண்பர் எப்போது வந்து வாசற்படியில் உட்கார்ந்தார் என்று கவனிக்கவில்லை.

"சரி ஸார்" என்றார். "பதினாலாயிரம்னே வெச்சுக்குங்க. நாலு மணிக்குத் தகவல் சொன்னோம். அஞ்சு மணிக்கு எடுத்தோம். பதிமூணு மணி நேரம் இருந்துச்சே?"

போட்டுப் பார்த்தேன். 13,988-ஐப் பதிமூன்றால் வகுத்தால் மணிக்கு 1,076 கிலோமீட்டர். பயணிகள் விமானம் போவது 900 சொச்சம். அது பறக்கிற உயரத்தில், அந்தக் குளிரில், சத்தமே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் போகும். அதாவது தம்பி, போனைக் காதிலிருந்து எடுத்த அதே நிமிஷம், ஆபீஸ் நாற்காலியிலிருந்தே, சத்தத்தைவிட வேகமாகக் கிளம்பியிருக்க வேண்டும். கான்கார்டு என்று ஒரு விமானம் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. அதையும் 2003-ல் நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஒரே மூச்சில் ஏழாயிரம் சொச்சம்தான் தாங்கும்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிற அதே ஓரி. அந்த அம்பு மாதிரி வளையாமல், காற்று, சண்டை, டிக்கெட் எதுவும் குறுக்கே வராமல் 900-ல் பறந்தாலும் பெங்களூருக்கே பதினைந்தரை மணி நேரம். அதற்கப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அதற்கு மேல் எழுபது வளைவு. இன்னும் ஏழு மணி நேரம்.

"இருபத்திரண்டரை மணி நேரம் ஸார்" என்றேன். "சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள யாராலயும் வந்திருக்க முடியாது. அவர் எப்பக் கிளம்பினார்?"

"அவுங்க ஊர்ல அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி ப்ளேன். நடுவுல ஒரு ஊர்ல மாறி வந்தான். நேரா வர்ற ப்ளேன் அன்னிக்கு இல்லைன்னான். பொய் சொல்றான்னு நெனச்சேன்."

அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது என்றால் இங்கே சனிக்கிழமை காலை ஒன்பதரை. போன் வந்து ஐந்தரை மணி நேரத்தில் டிக்கெட் போட்டு, பெட்டி கட்டி, விமானம் ஏறியிருக்கிறார். நான் சேலத்திலிருந்து கிளம்புவதற்கே அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டேன்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. கணக்கு நன்றாக முடிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. உருண்டையை எடுத்து அலமாரியில் வைக்கப் போனேன்.

அப்போது அம்மா, கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பொழுது வெச்சிருந்தா பாத்திருப்பானா தம்பி?" என்றார்.

கையில் உருண்டையோடு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு வந்து சேர்ந்தவர். ஒரு நாள் தள்ளி, அதே ஐந்து மணி என்றால்... அதற்குக் கால்குலேட்டர் வேண்டாம். வயசான அம்மாவிடம் அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? "ரோடு எப்படியோம்மா, மழை வேற..." என்று இழுத்தேன்.

"பாத்திருப்பான்மா" என்றார் நண்பர்.

கொஞ்ச நேரம் மலையில் பூச்சிச் சத்தம் மட்டும் கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள் என்றேன் அல்லவா? கடைசியில் சரி என்று தலையாட்ட வேண்டியது மூத்த மகன்தான். ஒரு வருஷமாக அவர் தம்பியிடம் எதற்காகக் கோபமாக இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. பிரியாணிக்குக் கணக்குப் போட வந்தவன் இதில் எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் பாருங்கள்.

நண்பர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி படர்ந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்குமாம். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"ஸார், அங்கே இப்ப மணி என்ன இருக்கும்?"

இங்கே ராத்திரி பத்து. பன்னிரண்டரை மணி நேரம் கழித்தேன். "காலையில ஒன்பதரை. சனிக்கிழமை. லீவுதான், வீட்டுல இருப்பார்."

அவர் டார்ச் அடித்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனார். அம்மா என் கையிலிருந்த நாரை வாங்கி, விட்ட இடத்திலிருந்து பூக்கட்ட ஆரம்பித்தார்.